அக்கரைப் பாட்டு – 14: மன்னோவின் கிதார்

சென்ற இதழில் தாபு கோம்போ என்ற ஹைட்டி இசைக்குழுவை நியூயார்க்கில் விட்டுவிட்டு வந்தோம். பெத்தியோன்வில் ஊரில் 1968இல் கூடிய பையன்கள் 1971இல் அமெரிக்கா வந்து சேர்ந்தார்கள். 1975இல் நியூயார்க்கின் பெயரையே தலைப்பாக வைத்து ஒரு பாட்டுப் போட்டுப் பாரிஸ் வரை ஆட வைத்தார்கள். ஹைட்டியர்களின் கொம்பா இசை அப்படிப்பட்டது. சனிக்கிழமை இரவுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் ஜோடி சேர்ந்து ஆடுகிறவர்களுக்கும் உரியது. மின்கிதார், மேளம் என்று மேடை கொள்ளாத கூட்டம் அதற்கு வேண்டும். இந்த இதழில் வருகிறவருக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. உட்கார ஒரு நாற்காலி, மடியில் ஒரு மரக் கிதார், அடிவயிற்றிலிருந்து எழும் கனத்த குரல். அந்தக் குரலை அடக்க ஒரு சமயம் ராணுவமே வர வேண்டியிருந்தது.

ஜோசஃப் எமானுவேல் ஷார்லமாஞ் என்பது முழுப்பெயர். எமானுவேலைச் சுருக்கி மன்னோ என்றார்கள். ஹைட்டியில் தெருவுக்கு ஒரு மன்னோ இருப்பார். ஆனால் அடைமொழி இல்லாமல் வெறுமனே மன்னோ என்று சொன்னால், அரசியல் பாட்டுக் கேட்கிற எவருக்கும் இவர்தான். பழந்தமிழ்ச் செய்யுளில் அடியின் முடிவில் ‘மன்னோ’ என்று வருவதைப் படித்திருப்பீர்கள். ‘மன்’ என்ற அந்த இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியர் சொல்லும் மூன்று பொருளில் முதலாவது கழிவு. இருந்தது, இப்போது இல்லை என்ற பொருள். இரண்டுக்கும் ஒலியில் மட்டுமே ஒற்றுமை, உறவு எதுவும் கிடையாது. இருந்தாலும் இந்தப் பெயரை எழுதும்போதெல்லாம் எனக்கு அந்த அசை காதில் விழுகிறது.

மன்னோ பிறந்தது 1948 ஏப்ரல் 14. தலைநகர் போர்ட்டோபிரின்ஸை ஒட்டிய கார்ஃபூர் என்ற ஊரில் அத்தையின் வளர்ப்பில் வளர்ந்தார். கார்ஃபூர் என்றால் நாற்சந்தி. தெற்கே நீண்டு கிடக்கும் தீபகற்பத்திலிருந்து தலைநகருக்குப் போகிற சாலை அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. நிலம் போதாமல் பிழைப்புத் தேடி வந்த குடியானவர்கள் தலைநகரின் விளிம்பில் இப்படிப்பட்ட ஊர்களில் தங்கினார்கள். அவர்களோடு வயல் பாட்டும் வந்தது. ஒருவர் நிலத்தில் ஊரே கூடி வேலை செய்துவிட்டு மறுநாள் அடுத்தவர் நிலத்துக்குப் போகும் வழக்கம் அங்கே உண்டு. அதற்குக் கொன்பித் என்று பெயர். மண்வெட்டி எழுந்து விழுகிற கணக்குக்கு ஒருவர் முன்னே பாட, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள்.

கிதார் வந்த வழி வேறு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு வெட்டக் கியூபாவுக்குப் போன ஹைட்டியக் கூலிகள் ஏராளம். வெட்டு முடிந்து திரும்பும்போது சிலர் கிதாரோடும் கியூபா மெட்டோடும் வந்தார்கள். கடைவாசலிலும் திருவிழாவிலும் ஒரு கிதார், ஒரு சிறு மேளம், ஒரு கிலுக்கு வைத்துக்கொண்டு காதலையும் கஷ்டத்தையும் பாடினார்கள். இதைத்தான் துருபாது என்கிறார்கள். வெளியூர்க் கூலியின் இசை அது. பின்னாளில் மன்னோ அக்கரைக்குப் போய் அக்கரைக்காரர்களுக்குப் பாடப் போகிறவர் என்பதால் இந்த வம்சாவளியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, 1957இல், ஃபிரான்சுவா டுவாலியே அதிபரானார். கிராமப்புற மருத்துவராக இருந்தவர். பாப்பா டாக் என்று செல்லப் பெயர். 1964இல் தன்னை ஆயுள் முழுக்க அதிபர் என்று அறிவித்துக்கொண்டார். ராணுவத்தை நம்பாமல் தனக்கென்று ஒரு படை வைத்துக்கொண்டார். நீலச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, இடுப்பில் துப்பாக்கி. மக்கள் அவர்களைத் தொன்தொன் மக்கூட் என்று அழைத்தார்கள். தொன்தொன் என்றால் மாமா. மக்கூட் என்றால் தோளில் தொங்கும் நார்ப்பை. அடங்காத பிள்ளைகளைப் பையில் போட்டுக்கொண்டு போகிற பூச்சாண்டியின் பெயர் அது. நாட்டில் அந்தப் பூச்சாண்டி நிஜமாகவே இரவில் வந்தான், பெரியவர்களைத் தூக்கிக்கொண்டு போனான். ஃபோர் திமான்ஷ் சிறைக்குள் போனவர்களில் திரும்பி வந்தவர்கள் குறைவு. 1971இல் பாப்பா டாக் இறந்ததும் 19 வயது மகன் ஜான் கிளோட் நாற்காலியில் உட்கார்ந்தான்.

இப்படிப்பட்ட நாட்டில் எதையும் நேராகப் பேச முடியாது. அதனால் ஹைட்டியர்கள் ஏற்கெனவே கைவசம் வைத்திருந்த ஒரு கலை கூர்மை பெற்றது. ‘வொயே ப்வென்’ என்பார்கள். நாம் சாடை பேசுவது என்கிறோமே, அதேதான். கிணற்றடியில் ஒருத்தி வாளியைப் பார்த்துப் பேசுவாள். காதில் ஏற வேண்டியது பக்கத்தில் நிற்கிறவளுக்கு. ஹைட்டியில் அதைப் பாட்டாகவே பாடுவார்கள். ஆட்டைப் பற்றிய பாட்டு, மழையைப் பற்றிய பாட்டு. கேட்கிறவனுக்கு அது யாரைப் பற்றியது என்று தெரியும். பாடினவனைப் பிடித்துக் கேட்டால், ஆட்டைத்தானே பாடினேன் என்பான்.

1970களின் கடைசியில் கொஞ்சம் காற்று வந்தது. அமெரிக்க அதிபர் கார்ட்டர் மனித உரிமை பற்றிப் பேச ஆரம்பித்ததும் சின்ன டுவாலியே பிடியைச் சற்றுத் தளர்த்தினார். ஜான் டொமினிக்கின் வானொலி நிலையமான ஹைட்டி இன்டெர் கிரெயோல் மொழியில் செய்தி சொன்னது. மன்னோவும் நண்பர் மார்கோ ஜான்டியும் சேர்ந்து 1978இல் ஒரு இசைத்தட்டு போட்டார்கள். இரண்டு குரல், கிதார். ஏழையின் பசியைப் பற்றி, அதற்குக் காரணமானவர்களைப் பற்றி, ஏழை பேசுகிற மொழியில்.

அந்த மொழியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஹைட்டியில் எல்லோரும் பேசுவது கிரெயோல். பிரெஞ்சு சரளமாகப் பேசத் தெரிந்தவர்கள் சிறு கூட்டம். ஆனால் பள்ளி, நீதிமன்றம், அரசாணை எல்லாம் பிரெஞ்சில் இருந்தன. வகுப்பில் கிரெயோல் பேசிய பிள்ளைக்கு அடி விழும். தனக்கு எதிராக எழுதப்பட்ட தீர்ப்பைப் படிக்கத் தெரியாதவன் அந்த நாட்டின் சராசரிக் குடிமகன். 1987 அரசியல் சட்டம்தான் கிரெயோலையும் ஆட்சிமொழியாக்கியது. அதற்கு ஒன்பது வருஷம் முன்னால் மன்னோ, மலிவான பேச்சு என்று ஒதுக்கிவைக்கப்பட்ட மொழியில், குழைத்தும் வளைத்தும், இரட்டைப் பொருள் வைத்தும் பாடினார். கவிதைக்கு இந்த மொழி போதாது என்று சொன்னவர்களுக்கு வேறு பதில் தேவைப்படவில்லை.

இசைத்தட்டு வாங்கக் காசு உள்ளவர்கள் எத்தனை பேர்? பாட்டு ஓடியது ஒலிநாடாவில். ஒரு நாடாவிலிருந்து இன்னொரு நாடா, அதிலிருந்து இன்னொன்று. ஒவ்வொரு படியிலும் குரல் கொஞ்சம் மங்கும், இரைச்சல் கொஞ்சம் ஏறும். அந்தக் காலத்து ஹைட்டிக் குடும்பங்களுக்கு நாடா வெறும் பாட்டுப் பெட்டி அல்ல, கடிதம். எழுதப் படிக்கத் தெரியாத தாய், மியாமியில் இருக்கும் மகனுக்குப் பேசிப் பதிவு செய்து, விமானம் ஏறுகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவாள். பதிவுப் பொத்தானை அழுத்தும் டக் என்ற ஓசை, ஒரு தொண்டைச் செருமல், அப்புறம் ஊர்ச் செய்தி. பணம் வந்தது, கூரைக்கு இன்னும் நான்கு தகரம் வேண்டும், பெரியம்மா போய்விட்டாள். பின்னால் கோழி கூவும். மகன் ஒரு நாடாவில் பதில் பேசி அனுப்புவான். பாட்டும் இதே பாதையில்தான் கடல் தாண்டியது. மன்னோவின் குரல் மியாமிக்கும் புரூக்ளினுக்கும் போய்ச் சேர்ந்தபோது அவர் இன்னும் ஹைட்டியில்தான் இருந்தார்.

1980 நவம்பரில் அமெரிக்க அதிபர் தேர்தலில் ரீகன் வென்றார். அதே மாதம் 28ஆம் தேதி டுவாலியே ஆட்சி ஹைட்டி இன்டெரை அடித்து நொறுக்கியது. பத்திரிகையாளர்களையும் எதிர்த்துப் பேசியவர்களையும் வளைத்துப் பிடித்தது, நாடு கடத்தியது. மன்னோ ஊரைவிட்டு வெளியேறியதும் அந்த 1980இல்தான்.

அக்கரையில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது? கிரெயோலில் வெளிநாட்டுக்கு ‘லோத் போ த்லோ’ என்று ஒரு சொல். தண்ணீருக்கு அந்தப் பக்கம் என்று அர்த்தம், நம் அக்கரைதான். இறந்தவர்கள் போய்ச் சேரும் இடத்துக்கும் இதே சொல்லைப் பயன்படுத்துவார்கள். 1960களில் அக்கரைக்குப் போனவர்கள் டாக்டர்கள், வக்கீல்கள், ஆசிரியர்கள். விமானத்தில் நியூயார்க்குக்கும் மான்ட்ரியாலுக்கும் போனார்கள். பின்னால் வந்தவர்களுக்கு விமானமும் இல்லை, விசாவும் இல்லை. 1972 டிசம்பர் 12 அன்று சேன் சோவர் என்ற பாய்மரப் படகு 65 பேரோடு புளோரிடாவின் பாம்பனோ பீச்சில் வந்து ஒதுங்கியது. பிறகு வரிசையாகப் படகுகள். 1980இல் மட்டும் ஏறத்தாழ 25,000 ஹைட்டியர்கள் அந்தக் கரையில் இறங்கினார்கள். அதே ஆண்டு கியூபாவின் மரியேல் துறைமுகத்திலிருந்து 1,25,000 பேர் வந்தார்கள். கியூபாக்காரர் கம்யூனிசத்திலிருந்து தப்பியவர், ஆகவே அகதி. ஹைட்டிக்காரர் வாஷிங்டனுக்கு வேண்டிய சர்வாதிகாரியிடமிருந்து தப்பியவர், ஆகவே பிழைப்புத் தேடி வந்தவர். முன்னவருக்கு வாழ்க்கை, பின்னவருக்குக் குரோம் தடுப்பு முகாம். இது அநியாயம் என்று அன்றே சொன்னவர்கள் உண்டு. இன்று திரும்பிப் பார்த்தாலும் வேறு பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை.

1981 செப்டம்பரில் ரீகன் அரசும் டுவாலியே அரசும் ஓர் ஒப்பந்தம் போட்டன. படகுகளைக் கடலிலேயே மறித்து, விசாரித்து, திருப்பி அனுப்பலாம் என்று. அடுத்த மாதம் 26ஆம் தேதி காலை புளோரிடாவின் ஹில்ஸ்பரோ பீச் மணலில் 33 ஹைட்டியர்களின் உடல்கள் கிடந்தன. கரைக்கு மிக அருகில் வந்து படகு உடைந்திருந்தது. 1981 முதல் 1990 வரை கடலில் மறிக்கப்பட்டவர்கள் 22,940 பேர். அவர்களில் தஞ்சம் கேட்டு விண்ணப்பிக்கத் தகுதி உள்ளவர்கள் என்று அமெரிக்க அதிகாரிகள் ஒப்புக்கொண்டது 11 பேரை. எண்ணைச் சரியாகத்தான் போட்டிருக்கிறேன், பதினொன்று.

மறிப்பில் சிக்காமல் வந்தவர்கள் மியாமியில் லெமன் சிட்டி என்ற பழைய குடியிருப்பில் கூடினார்கள். அது மெல்ல லிட்டில் ஹைட்டி ஆயிற்று. கடைப்பலகைகளில் கிரெயோல் ஏறியது. சிறுசிறு சர்ச்சுகள், முடிவெட்டும் கடைகள், ஊருக்குப் பணமும் அரிசியும் அனுப்பித் தரும் கடைகள், வாசலில் ஒலிபெருக்கி வைத்த இசைக்கடைகள். 1969இல் வானொலியில் கிரெயோலுக்காகப் பேசியதால் ஃபோர் திமான்ஷில் அடைக்கப்பட்ட ஜான் மப்பூ, 1990இல் அங்கே ஒரு புத்தகக் கடை திறந்தார். ஆண்கள் வாகனம் நிறுத்துமிடங்களிலும் பழத்தோட்டங்களிலும், பெண்கள் மியாமி பீச் விடுதிகளில் படுக்கை விரித்தும் பிழைத்தார்கள். போதாக்குறைக்கு 1983இல் அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் எய்ட்ஸ் அபாயம் உள்ளவர்கள் பட்டியலில் ஒரு தேசத்தையே சேர்த்தது. ஹைட்டியன் என்ற காரணத்துக்காகவே வேலை போனது, பிள்ளைகள் பள்ளியில் ஒதுக்கப்பட்டார்கள். 1985இல் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். ஆனால் 1990இல் ரத்ததானம் செய்ய ஹைட்டியருக்குத் தடை வந்தது. ஏப்ரல் 20 அன்று 50,000 பேருக்குமேல் புரூக்ளின் பாலத்தில் நடந்தார்கள். பாலம் அதிர்ந்தது என்று இன்றும் சொல்கிறார்கள். அந்த ஆண்டின் முடிவிலேயே தடை போயிற்று.

இந்த மனிதர்களுக்குத்தான் மன்னோ பாடினார். 1970களிலேயே நியூயார்க்கில் கில்தி லிபேத்தே என்று ஓர் இயக்கம் இருந்தது. விடுதலைப் பண்பாடு என்று பொருள். தாயகத்தில் பாட முடியாததை அங்கே மேடை போட்டுப் பாடிய மாணவர்களும் தொழிலாளர்களும் சேர்ந்த குழுக்கள். மன்னோ வந்தபோது கேட்கக் காதுகள் தயாராக இருந்தன. சர்ச் மண்டபம், பள்ளிக்கூட அரங்கம், ஆர்ப்பாட்டத்தின் முடிவு. 1984இல் இரண்டு ஆல்பம் வந்தன. கிதாரைச் சும்மா மீட்டிக்கொண்டே பேசுவார்; பேச்சு எங்கே முடிந்து பாட்டு எங்கே தொடங்குகிறது என்று தெரியாது.

1986 பிப்ரவரி 7இல் டுவாலியே ஓடிப்போனார். மன்னோ திரும்பினார். கார்ஃபூரில் கோரல் கொன்பித் கல்ஃபூ என்று ஒரு பாட்டுக் குழு அமைத்தார். வயலில் கூடி உழைக்கிற அந்தப் பழைய சொல்லையும் தன் ஊரையும் சேர்த்து வைத்த பெயர். ‘உலக நிறுவனங்கள்’ என்று பொருள்படும் ‘ஓகனிசாசியோன் மோந்தியால்’ 1988இல் வந்தது. உதவி என்ற பெயரில் வந்து நாட்டை நிர்வகிக்கிற வெளிநாட்டு நிறுவனங்களின் மீதான குற்றச்சாட்டு அந்தப் பாட்டு. கோபம் முழுக்கச் சொல்லில் இருக்கிறது. குரல் தாலாட்டுப் போல இறங்குகிறது. 2010 பூகம்பத்துக்குப் பின் ஐ.நா. அமைதிப்படை முகாமிலிருந்து ஆற்றில் கலந்த காலரா கிட்டத்தட்ட 10,000 பேரைக் கொன்றது. அதில் தன் பங்கை ஒப்புக்கொள்ள ஐ.நா.வுக்கு 2016 வரை ஆயிற்று. காலரா பரவத் தொடங்கியபோது இந்தப் பாட்டைக் கேட்டவர்களுக்கு 22 வருஷம் பழையது என்றா தோன்றியிருக்கும்?

1990 டிசம்பரில் பாதிரியார் அரிஸ்டீட் 67 சதவீத ஓட்டில் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது ஹைட்டியில் ஒன்பது மாவட்டங்கள். வெளிநாட்டில் இருக்கிறவர்கள்தான் பத்தாவது மாவட்டம் என்றார் அரிஸ்டீட். மியாமியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவனுக்கு அந்த ஒரு சொல் எவ்வளவு பெரிய கௌரவம்! அதுவரை ‘தியாஸ்போரா’ என்றால் ஊரில் கொஞ்சம் கிண்டலாகவே சொல்வார்கள். பதவியேற்று ஏழே மாதம். 1991 செப்டம்பர் 30இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அக்டோபரில் சிப்பாய்கள் மன்னோவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். விடுவித்தார்கள், உடனே மறுபடி பிடித்தார்கள். வெளியே, அந்த ஆண்டுதான் ஒரு பெரிய வெற்றிப்படம் கொடுத்திருந்த ஹாலிவுட் இயக்குநர் ஜொனாதன் டெமி, அவரை விடுவிக்கக் குரல் எழுப்பினார். அமெரிக்காவின் முன்னாள் அட்டர்னி ஜெனரல் ராம்சே கிளார்க்கும் சேர்ந்தார். வெளியே வந்த மன்னோ அர்ஜென்டினா தூதரகத்தில் தஞ்சம் புகுந்து, அங்கிருந்து நாட்டைவிட்டுப் போனார். மறுபடியும் அக்கரை. அதே மாதங்களில் படகுகளில் கிளம்பிய ஆயிரக்கணக்கானோரை அமெரிக்கக் கப்பல்கள் வழிமறித்துக் குவான்டனாமோ முள்வேலிக்குள் வைத்தன.

1994இல் அரிஸ்டீட் திரும்பினார். 1995 தேர்தலில் மன்னோ போர்ட்டோபிரின்ஸ் மேயர் பதவிக்கு நின்றார். அப்போது மேயராக இருந்த எவன்ஸ் பாலைத் தோற்கடித்தார். இந்த நான்கு வருஷத்தைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. குப்பை அள்ளப் பணம் இல்லாத நகரம், சாலையை அடைத்த கடைகள், கலைந்துபோன கூட்டாளிகள். அவருடைய நிர்வாகத்தின் மீதும் அவரைச் சுற்றி ஆயுதத்தோடு திரிந்தவர்கள் மீதும் குறை சொன்னவர்களில் பழைய தோழர்களும் இருந்தார்கள். அந்தக் குறைகளை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது அவருடைய பாட்டுக்கே செய்யும் துரோகம். நாற்காலியில் உட்கார்ந்தவன் எவனையும் விடாமல் கேள்வி கேட்டவர் அவர். அவர் உட்கார்ந்த நாற்காலிக்கு மட்டும் விதிவிலக்கு எதற்கு? 1999இல் பதவி முடிந்தது.

அப்புறம் மியாமி. மியாமி பீச் ஐந்தாம் தெருவில் டாப் டாப் என்று ஒரு ஹைட்டி உணவகம் இருந்தது. ஹைட்டியில் ஓடுகிற, உடல் முழுக்கச் சித்திரம் வரைந்த சிற்றுந்துக்கு டாப் டாப் என்று பெயர். பயணி இறங்க வேண்டுமென்றால் தகரத்தை டப் டப் என்று தட்டுவார். அந்த வண்டி மாதிரியே இந்த உணவகத்திலும் சுவர், மேசை, நாற்காலி என்று ஓரிடம் விடாமல் சித்திரம். கடல் அம்மன் ஒரு சுவரில், சந்தை ஒரு சுவரில். தட்டில் ஆட்டுக்கறி, பொரித்துத் தட்டி மறுபடி பொரித்த வாழைக்காய், வினிகரில் ஊறிய முட்டைக்கோஸும் காரட்டும் சுருக்கென்ற மிளகாயும் கலந்த பிக்லீஸ். அந்த மேசைகளுக்கு நடுவே பல ஆண்டுகள் வாரந்தோறும் மன்னோ கிதாரை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பாடினார்.

இதைச் சொல்லும்போது சிலருடைய முகம் மாறும். தலைநகரின் மேயராக இருந்தவர், சர்வாதிகாரிகள் பயந்த குரல், கடைசியில் சாப்பாட்டுக் கடையில், பீர் குடிக்கிற உல்லாசப் பயணிகளுக்கு நடுவே! இப்படி இரக்கப்படுவதை நான் ஏற்கவில்லை. துருபாது பிறந்த இடம் எது? கடைவாசல். அதை முதலில் கேட்டவர்கள் யார்? நாள் முழுக்கக் கரும்பு வெட்டிவிட்டு வந்தவர்கள். டாப் டாப்பிலிருந்து சில தெருக்கள் நடந்தால் கடலோர விடுதிகள். அங்கே பகலெல்லாம் அறை துடைத்து, மூட்டை தூக்கி, வாடகை வண்டி ஓட்டிய ஹைட்டியருக்கு மியாமி பீச் தீவு முழுவதிலும் தன் மொழி தலைநிமிர்ந்து ஒலித்த இடம் அந்த நாற்காலிதான். பகலில் அவர்கள் பேசியது உடைந்த ஆங்கிலம், அதுவும் ஆமாம், சரி, மன்னிக்கவும் என்ற அளவில். ஒரு மொழியில் வாழ்நாள் முழுக்க மன்னிப்பு மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது என்ன கொடுமை என்று புலம்பெயர்ந்த எவரையும் கேட்டுப் பாருங்கள். மன்னோ பாடும்போது அவர்கள் சாடையைப் புரிந்துகொண்டு சிரிக்கிறவர்களாக, இரட்டைப் பொருளின் இரண்டாவது பொருளையும் பிடிக்கிறவர்களாக ஆனார்கள். பக்கத்து மேசையில் இருந்த வெள்ளைக்காரருக்கு அது இனிமையான மெட்டு மட்டுமே. இவர்களுக்கு அது ஊர் வழக்கு. ‘கிரெயோல் பேசினால் கிரெயோல் புரியும்’ என்று அங்கே ஒரு சொலவடை உண்டு.

பெரிய மேடையில் கொடி பிடித்துப் பாடுவதைவிட இது சின்ன வேலை என்று நான் நினைக்கவில்லை. பத்தாவது மாவட்டத்துக்கு அரண்மனையும் கிடையாது, நகர மண்டபமும் கிடையாது. வாரத்துக்கு ஓர் இரவு அதன் மன்றம் அங்கே கூடியது. போர்ட்டோபிரின்ஸில் நான்கு வருஷம் அவர் வகித்த பதவியைவிட இந்தப் பதவியை அவர் நன்றாக நடத்தினார் என்பது என் கருத்து.

பாடியவை பெரும்பாலும் பழைய பாட்டுகள். இப்படி ஒரே பாட்டை முப்பது வருஷம் பாடுகிற பாடகர்கள் தேய்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். மன்னோவின் பிற்காலப் பதிவுகளில் குரல் இன்னும் கீழே இறங்கியிருக்கிறது, தாளம் தளர்ந்திருக்கிறது. சொல் மட்டும் தளரவில்லை. ஒரு வரியின் கடைசிச் சொல்லைச் சொல்வதற்கு முன் அரை நொடி நிறுத்துவார். முதல் பதிவுகளில் அந்த நிறுத்தம் பயத்தால் வந்தது என்று தோன்றும். யாராவது கேட்கிறார்களா என்று பார்க்கிற மாதிரி. பிற்காலத்தில் அதே நிறுத்தம், கேட்கிறவர்கள் அந்தச் சொல்லை முந்திக்கொண்டு சொல்லட்டும் என்று விட்டுக்கொடுக்கிற மாதிரி இருக்கிறது.

2017இல் புற்றுநோய் என்று தெரிந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் ஜொனாதன் டெமி போய்விட்டிருந்தார். டிசம்பர் 10 அன்று மியாமி பீச்சில் மன்னோ காலமானார். வயது 69. போர்ட்டோபிரின்ஸிலும் மியாமியிலும் புரூக்ளினிலும் கிரெயோல் வானொலிகள் அவருடைய பாட்டுகளைத் திரும்பத் திரும்பப் போட்டன. தண்ணீருக்கு அந்தப் பக்கம் போனார் என்று ஊரில் சொன்னபோது, கேட்டவர்களுக்கு எந்த அக்கரை என்று ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டியிருந்திருக்கும். அவர் ஏற்கெனவே அங்கேதான் இருந்தார்.

என்னிடம் 1978 பாட்டுகளின் ஒரு பிரதி இருக்கிறது. யாரோ பழைய நாடாவிலிருந்து கணினிக்கு மாற்றியது. தட்டிலிருந்து எடுத்த சுத்தமான பிரதியும் கிடைக்கிறது. நான் இதைத்தான் கேட்கிறேன். முதலில் இரைச்சல். பிறகு டக் என்று ஒரு பொத்தான் அழுத்தும் ஓசை. எங்கோ தூரத்தில் ஒரு வண்டி போகிறது. அப்புறம் கிதார்.

(அடுத்த இதழில்: கொனாயீவில் பிறந்து, 1985இல் நியூயார்க்கில் 31 வயதில் இறந்த இன்னொரு மன்னோ. ‘சின்ன மன்னோ’ என்று அழைக்கப்பட்ட தி மன்னோ.)